நெய் தடவாத தட்டு

குமாரி அக்கா யாருக்குச் சாப்பாடு வைத்தாலும் உடனே நகர மாட்டாள். கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முதல் வாய் இறங்கும்வரை நிற்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், தொண்டையைத்தான் பார்ப்பாள். "மொகம் மரியாதைக்குச் சிரிக்கும் மக்கா. தொண்டைக்கு மரியாத தெரியாது" என்பாள். ஆறு வருஷமாக அவளோடு அடுக்களையில் நிற்கிறேன். பாத்திரம் கழுவுவதும் பழம் நறுக்குவதும் என் வேலை. ஒரு நாளும் அவள் அந்த நிலையடியைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் வேலை செய்வது குளத்தூரில் ஆற்றை ஒட்டி சுனில்குமார் நடத்தும் ஹோம்ஸ்டேயில். நாலு அறை, ஒரு அடுக்களை. அதற்கு முன் அக்கா பத்தொன்பது வருஷம் அண்டியாபீஸில் இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கொட்டைப்பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் அது அவளை யாரென்று கேட்கும். "நான் இந்த நாட்டுலயே இல்லியாம், அரிசி மட்டும் வேணுமாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அங்கே நாள் முழுவதும் குந்தியிருந்து முதுகு போயிற்று. ஹோம்ஸ்டே அடுக்களையில் முதல் நாள் அடுப்பை இடுப்பு உயரத்தில் பார்த்ததும், "இது நின்னு செய்யிற வேலையாக்கும்" என்று மேடையைத் தடவிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவள் அடுக்களை. உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் சுனில்குமாருக்கே ஏச்சு விழும்.

போன ஜனவரியில் புனேயிலிருந்து ஒரு மேடம் இரண்டு வாரம் தங்க வருவதாக எழுதியிருந்தார். பக்கத்து வைத்தியசாலையில் முட்டுவலிக்குச் சிகிச்சை. காலையில் அரிசிப் பண்டம் ஆகாது, மிருகத்திடமிருந்து வருவது எதுவுமே வாயில் வைக்க மாட்டார். பழம் போட்டு, அடுப்பில் கேக் மாதிரி வேகவைத்த ஓட்ஸ் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். யார் எது கேட்டாலும் கிடைக்கும் என்று பதில் போடுவது சுனில்குமார் வழக்கம். போட்டுவிட்டுத்தான் அடுக்களைக்கு வந்தான்.

"எக்கா, ஒங்களால ஆவாதுண்ணா இப்பமே சொல்லிருங்க. கோவளத்துல அனூப்புண்ணு ஒரு ஷெஃப் உண்டு. வாறேன்னு சொல்லியிருக்கான்."

"வந்தா?"

"வந்தா பின்னே அடுக்களை அவன் பொறுப்பு. ரெண்டு பேருக்கு இஞ்ச வேல எங்க இருக்கு?"

அக்கா புட்டுக்குழலைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "என்னெல்லாம் ஆவாதுண்ணு எழுதித் தா" என்றாள். அவன் படித்தது மலையாளம், அதில்தான் எழுதிக் கொடுத்தான். பால், தயிர், முட்டை, தேன். அக்காவுக்கு மலையாள எழுத்து ஓடாது. நான் நாலு தடவை வாசித்துக் கொடுத்தேன், அவள் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

ஹோம்ஸ்டேயில் ஓவன் கிடையாது. தெரு முக்கில் ராஜதாஸ் அண்ணன் பேக்கரி வைத்திருக்கிறார். விறகு போட்டு எரிக்கும் செங்கல் அடுப்பு, போர்மா என்பார்கள். விடியற்காலம் பன்னும் ரொட்டியும் வெந்து இறங்கிய பிறகும் அதில் இரண்டு மணி நேரம் சூடு நிற்கும். அந்த மிச்சச் சூடு போதும் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

முதல் ஒத்திகையில் பாயசம் வைக்கிற புத்தி வந்துவிட்டது. தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் ஓட்ஸை ஊறவைத்து, கெட்டியான தலைப்பாலை மேலே ஊற்றினாள். போர்மாவிலிருந்து வெளியே வந்தபோது பால் திரிந்து எண்ணெய் மிதந்தது. அடியில் ஓட்ஸ் இறுகிக் கிடந்தது.

ராஜதாஸ் அண்ணன் கத்தியால் தட்டிப் பார்த்தார். "குமாரி, இத வச்சு மதில் கெட்டலாம் கேட்டியா. எண்ணெ தனியா கெடச்சது தலைக்கு."

"ஒன் பன்ன எறிஞ்சா காக்கா சாவும். நீ பேசாதே" என்றாள் அக்கா.

ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு நடையில் நின்று, "அந்தக் கோவளத்துக்காரனுக்கு இந்தப் பால் திரியும்ணு மொதல்லயே தெரிஞ்சிருக்கும், இல்லியா?" என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் உடைந்த முந்திரிப் பருப்பை ஊறவைத்து, அம்மியில் வெண்ணெய் போல அரைத்துப் பாலாக்கினாள். "பத்தொம்பது வருஷம் ஒடச்சேன், ஒரு நாளாவது எனக்காவ அரைக்காண்டாமா?" முட்டைக்குப் பதில் தோல் கறுத்த நேந்திரன் பழம் இரண்டைப் பிசைந்து சேர்த்தாள். கைதச்சக்கை என்று நாங்கள் சொல்லும் அன்னாசியை நான் பொடியாக நறுக்கினேன். பப்பாளித் துண்டுகளை மேலே அடுக்கினோம், கொஞ்சம் ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. சீனியே இல்லை. இந்தத் தடவை ஓரம் சிவந்து, நடுவில் விரல் வைத்தால் அமுங்கி எழுந்தது. ராஜதாஸ் அண்ணன் கேட்காமலே இரண்டாவது துண்டு எடுத்தார்.

மேடம் வந்த மறுநாள் காலை, ஓட்ஸ் கூட்டோடு பேக்கரிக்குப் போனோம். ராஜதாஸ் அண்ணன் வழக்கம்போலத் தட்டில் டால்டா தடவ எடுத்தார். அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்த மனுஷிக்கு டால்டாவா? நான் நல்ல நெய் கொண்டு வந்திருக்கேன்."

மடியிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, தட்டின் மூலை மூலையாகத் தடவினாள். வெந்து வந்ததும் மேலேயும் ஒரு கரண்டி விட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் நெய்யை யாரும் பாலோடு சேர்த்து எண்ணுவதில்லை. விரதக்காரருக்கும் நெய், பிரசவித்தவளுக்கும் நெய், சாமிக்கும் நெய். வந்தவருக்கு மரியாதை என்றால் கடைசியில் ஒரு கரண்டி நெய். தாளில் நெய் என்று எழுதவும் இல்லை.

மேடம் மேசையில் உட்கார்ந்து வாசனை பிடித்தார், கண்ணை மூடிச் சிரித்தார். சுனில்குமாரிடம் இதில் என்னவெல்லாம் சேர்த்திருக்கிறது என்று கேட்டார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிலையடியில் நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஓட்ஸு, நேந்திரம்பழம், அண்டிப்பருப்புப் பாலு, கைதச்சக்க, பப்பாளி, ஏலம், சுக்கு. பின்னே, நல்ல பசு..."

அங்கே நின்றுபோனாள். மேடம் ஸ்பூனில் எடுத்தாயிற்று.

சுனில்குமாருக்கும் புரிந்துவிட்டது. சிரித்த முகம் மாறாமல் தமிழில் மெதுவாகச் சொன்னான்: "எக்கா, மிண்டாண்டாம், பேசாம இருங்க. ஒரு துளி நெய்தானே. அவியளுக்குத் தெரியாது."

அக்கா மூன்று எட்டில் மேசைக்குப் போய்த் தட்டை இழுத்துக்கொண்டாள். "நோ மேடம். நோ ஈட்டிங். நெய் உண்டு. பசுவாக்கும்." மேடத்துக்கு விளங்கவில்லை என்று கண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கொம்பாக வைத்துக் காட்டினாள்.

மேடம் ஸ்பூனைக் கீழே வைத்தார். சுனில்குமார் எழுந்து வெளியே போய்ப் போனை எடுத்தான். "அனூப்பே, இன்னைக்கே வா" என்றது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அடுக்களைக்கு வந்த அக்கா அழவில்லை. "துளியோ கொடமோ, திங்காததத் திங்கக் கொடுத்தா அது சோறா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மக்கா, பருப்பு மிச்சம் உண்டா?"

"ஒரு கிண்ணம் ஊறிக் கெடக்குக்கா."

"போர்மாவுல சூடு இன்னும் ஒரு மணிக்கூர் நிக்கும். பழத்த வெட்டு."

பேக்கரியில் ராஜதாஸ் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என் டால்டாவக் கேவலமாப் பேசினியே, அது எண்ணெயில செய்யதாக்கும். அதத் தடவியிருந்தா ஒனக்கு இந்தக் கதி வருமா?"

"எலே ராஜா, ஏசுறத பொறவு ஏசு. கதவ அடை, சூடு போவுது."

புதுத் தட்டில் தேங்காயெண்ணெய் தடவினோம். அது உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மேடம் முட்டுவலியோடு நடந்தே வந்திருந்தார். யாரிடம் வழி கேட்டாரோ. ரொட்டிப் பெட்டியை நகர்த்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டு வந்ததும் ஆறக்கூட விடவில்லை, ஊதி ஊதிச் சாப்பிட்டார். ஒரு துண்டு. இன்னொன்று. அக்கா கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது துண்டை மேடம் அக்காவிடம் நீட்டினார். மற்றவர் முன்னால் அக்கா சாப்பிட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் அனூப் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கூப்பிட்டவனைத் திருப்பி அனுப்ப சுனில்குமாருக்கு வாய் எழவில்லை. மேடமோ, காலையில் அந்த அக்கா கையால் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் அனூப்பும் அக்காவும் முகம் பார்க்காமல் ஒரே மேடையில் காய் வெட்டினார்கள். எட்டாம் நாள் அவன் அவளிடம், "சேச்சி, அந்தப் பருப்புப் பாலு எப்படி இவ்வளவு நைசா வருது?" என்று கேட்டான். "அம்மியில அரச்சா வரும். மிக்ஸிய நம்பாதே" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

மேடம் ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இப்போது காலைச் சாப்பாடு குமாரி அக்காவின் பொறுப்பு. மத்தியானமும் ராத்திரியும் அனூப். முன்னே இருந்ததில் பாதி அடுக்களைதான் அவளுக்கு மிஞ்சியது. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, வெளியே சொல்வதில்லை. பதினொரு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறாள். ஓட்ஸ் கேட்பவர்கள் வந்தால் ராஜதாஸ் அண்ணன் அவளுக்காகப் போர்மாவில் இடம் விட்டு வைக்கிறார். மாசத்தில் நாலைந்து தடவையாவது கேட்கிறார்கள்.