சுடுகாட்டுக்கு ஒரு தாமரை

அறுபதுகளில் நான் பம்பாயில் ஒரு சர்க்கார் கட்டுமான இலாகாவில் டிரேஸராக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்ஜினீயர் பென்சிலில் வரைந்த பிளானின் மேல் ஒரு மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டின் மேல் இங்க்கில் கோடு போடுகிறவன்தான் டிரேஸர். மூளைக்கு வேலை கிடையாது. அந்த ஆபீசில் மூளைக்கு வேலை கொடுத்த ஆளையும் நான் பார்த்ததில்லை.

வீடு தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு தோல் கிடங்கில் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவரைப் பொறுத்தவரை நான் பிளான் போடுகிறவன். நான் போடுவது கோட்டின் மேல் கோடுதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் அது அவர் காதில் ஏறாது.

எங்கள் பக்கத்துச் சுடுகாட்டில் நாலு இரும்புத் தூணும் மேலே தகரமுமாக ஒரு கொட்டகை இருந்தது. பார்க்க லட்சணமில்லை. ஆனால் எத்தனையோ மழைக்காலங்களில் அதன் கீழே பிணங்கள் ஒழுங்காக எரிந்து முடிந்தன. ஒழுங்காக இருப்பதைச் சர்க்கார் சும்மா விடுமா? வருஷக் கடைசிக்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டிய பணம் கையில் நிற்கிறது என்று ஆபீசில் பேச்சு வந்தது. உயிரோடு இருப்பவர்கள் ஒரு குடம் தண்ணீருக்கு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற பேட்டையில், செத்தவர்களுக்கு நவீன மயானம் கட்டுவது என்று முடிவாயிற்று.

பிளான் போட்ட இன்ஜினீயர் தமிழர் அல்ல. சர்க்கார் செலவில் வெளிநாடு போய்விட்டு வந்தவர். போன இடத்தில் கான்கிரீட்டில் வளைத்து நெளித்த கூரைகளைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். எட்டு இதழ் விரிந்த தாமரையாகக் கூரையைப் போட்டார். நட்ட நடுவில் திறந்த வட்டம். அந்த வட்டத்துக்கு நேர் கீழே பிணம் வைக்கிற மேடை. புகை போக வேண்டும், ஆத்மாவும் தடையில்லாமல் வானத்துக்குப் போக வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார்.

டிரேஸிங் செய்யும்போதே எனக்கு உறுத்தியது. விரிந்த தாமரையின் இதழ்கள் நடுவை நோக்கித்தானே சரியும்? மழைத் தண்ணீரையெல்லாம் கூட்டிச் சேர்த்து, எண்ணெய்க் கடைப் புனல் மாதிரி நேரே மேடையில் ஊற்றிவிடும். விறகு வைக்கிற அறைக்கோ சுவரே இல்லை. பூவேலை செய்த, ஓட்டை ஓட்டையான கான்கிரீட் ஜாலித் தடுப்புதான். எனக்கு மேலே இருந்த ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் மாதுங்காக்காரர், தமிழர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "நீ டிரேஸர்டா. அவர் போட்ட கோட்டுமேல கோடு போடறதோட உன் வேலை முடிஞ்சுது. மழையைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே?" என்றார். நானும் போட்டேன். நன்றாகவே போட்டேன். இதழ் வளைவில் கை நடுங்காமல் ஒரே வீச்சில் இங்க் ஓட்டியதாக இன்ஜினீயர் பாராட்டி அனுப்பினார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

திறப்பு விழாவை மழையில்லாத குளிர் மாதத்தில் வைத்தார்கள். ஷாமியானா, மாலை, மார்பிளில் பெயர் பொறித்த கல், பேடா, டீ. வந்திருந்த பெரிய மனிதர் மராத்தியில் அரை மணி நேரம் பேசி, இந்த வசதியைப் பொதுமக்கள் அனைவரும் நல்ல முறையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சுடுகாட்டில் நின்றுகொண்டு இதைச் சொன்ன ஆளுக்கும் கைதட்டல் விழுந்தது. பேச்சு பாதி புரியாவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். திரும்பும் வழியெல்லாம் கண்டவரை நிறுத்தி, "எம் மவன் போட்ட பிளானாக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவரைத் திருத்தவில்லை.

அந்த ஆடியில் அப்பா போய்விட்டார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மூன்று நாளாக விடாத மழை. மத்தியானம் முழங்கால் தண்ணீரில் தெருக்காரர்கள் தூக்கி வந்தார்கள். மேடையில் வைத்து நிமிர்ந்து பார்த்தால், எட்டு இதழிலிருந்தும் தண்ணீர் வழிந்து அவர் மார்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

விறகு ஈரம். கொள்ளி வைத்தேன், அணைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி மறுபடி வைத்தேன். அவருடைய கோடி வேட்டியின் ஓரம் மட்டும் கருகிப் புகைந்து நின்றுவிட்டது. பெற்ற தகப்பனை எரிக்கத் துப்பில்லாமல் நிற்கிறேனே என்று அழுகை வந்தது. கட்டை அடுக்குகிற ஆளும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். "செத்த பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்த் தகரங்களை இழுத்து வந்தார். இடித்த கொட்டகையின் பழைய தகரங்கள். காண்டிராக்டர் ஆட்கள் குப்பையில் போட்டதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். இரண்டு மூங்கிலைக் குறுக்கே கொடுத்து, தகரத்தைப் பரப்பி, இதழ் நுனிகளில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். மழை வந்ததிலிருந்து ஒவ்வொரு பிணத்துக்கும் இதுதான் பாடு என்றார்.

கட்டிக்கொண்டே சொன்னார்: "கவுறு கட்டத்தான் இந்தப் பூ ஒதவுது. இத வரைஞ்ச பய ஒரு நா மழையில வந்து ஒரு பொணத்த எரிச்சுப் பாக்கணும் தம்பி. அப்பத் தெரியும்."

என்னோடு வந்த அத்தனை பேரிடமும் இது தன் மகன் போட்ட பிளான் என்று அப்பா சொல்லி வைத்திருந்தாரே. ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. தன் வீட்டில் கிடந்த காய்ந்த பலகைகளை யாரோ சுமந்து வந்தார். தகரத்துக்கு அடியில் புகை மண்டி எல்லோருக்கும் கண் எரிந்தது. மூன்றாவது தடவை வைத்தபோது பற்றிக்கொண்டது.

பதினாறு கழித்து வேலைக்குப் போனேன். இன்ஜினீயர் தன் அறைக்குக் கூப்பிட்டு, முதல் தடவையாக உட்காரச் சொன்னார். வருத்தம் தெரிவித்தார். நம் கட்டடத்தில்தானே காரியம் நடந்தது, வசதியாக இருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். முகத்தில் அது தெரிந்தது.

"ரொம்ப வசதியா இருந்தது சார்" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். செம்பூரிலும் இதே மாதிரி ஒன்று கட்டப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, டிரேஸிங்கை நான்தான் செய்ய வேண்டும் என்றார். அந்த ஆளை மடையன் என்று இத்தனை வருஷமாகத் திட்டி வருகிறேன். மழையில் அந்தக் கூரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான், செம்பூருக்கும் எட்டு இதழையும் பிசகில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.