நளினி மாற்றி வைத்த மானிட்டர்

நளினியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுத்தக்காரி. மெர்போக் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். வாரம் முழுக்கக் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட். சனி, ஞாயிறு எங்கள் இசைக்குழுவுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கிற சவுண்ட் வேலை. தொழிற்சாலையில் கொடுத்த மஞ்சள் அடைப்பானைக் காதில் செருகாமல் மேடைப் பக்கமே வரமாட்டாள். "பாட்டுக் கச்சேரிக்கு வந்து காத மூடிக்கிறா பாரு" என்று நான் கிண்டல் பண்ணாத நாளில்லை.

அந்த ஞாயிறு மதியம் கூலிமில் ஒரு கல்யாண விருந்து. வேனை விட்டு இறங்கும்போதே குழுத் தலைவர் புவனேஸ்வரன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காளி, ரெண்டு ஷோவா சுருதி விலகுது. இன்னிக்கும் விலகிச்சின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்லா."

பதினெட்டு வருஷம் பாடியவனிடம் பேசுகிற பேச்சா இது! ஆத்திரத்தை நளினியிடம் காட்டினேன். பாடுகிறவனுக்குத் தன் குரல் கேட்கத்தானே காலடியில் அந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

"இந்த டப்பாவ வச்சிக்கிட்டு எப்படிப் பாடுறது? பெருசா ஒண்ணு கொண்டா. சத்தத்தக் கூட்டு!"

"இதுக்கு மேல கூட்டினா மைக்குல ஏறி ஊளையிடும் அண்ணே."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மைக்கைச் சோதித்தேன். திடீரென்று யாரோ தோளைத் தொட்டார்கள். இடப்பக்கம் நளினி.

"மூணு தடவ கூப்பிட்டேன் அண்ணே."

மாட்டிக்கொண்டேன். தீபாவளியிலிருந்தே இடது காது கேட்கவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. காது போனவனை எவன் பாட விடுவான்?

அவள் என் இடது காதைப் பார்த்தாள். எப்போதும் இடப்பக்கம், டிரம்ஸை ஒட்டி இருக்கும் மானிட்டரைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள். அதில் டிரம்ஸ், கிதார் இரண்டையும் நிறுத்திவிட்டு என் குரலையும் கீபோர்டையும் மட்டும் விட்டாள்.

"ஏம்மா, பொண்ணு மாப்பிள்ள ஏறுற வழியில எதுக்கு வச்ச?" என்று புவனேஸ்வரன் கத்தினார்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

"அந்தப் பக்கம் ஒயர் சரியில்லண்ணே."

பாடினேன். கொஞ்ச நாளாய் எனக்கு வழுக்குகிற மேல் ஸ்தாயி வந்தது. வலது காதில் என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. சுருதி இறங்காமல் நின்றேன். புவனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

விருந்து முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது நளினியிடம் போனேன். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சொல்லல. ஆனா மூணு வருஷமா நீங்க கேக்கக் கேக்கச் சத்தத்தக் கூட்டிக் குடுத்தது நான்தானே. என் காத மட்டும் அடைச்சிக்கிட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செவ்வாக்கெழம லீவு போட்டுட்டேன். காது டாக்டர்கிட்ட போறோம். வரலன்னா அடுத்த ஷோவுக்கு வேற சவுண்ட் ஆளப் பாத்துக்குங்க."

கொழுப்பைப் பாருங்கள்! திட்ட வாயெடுத்தவன், "எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுங்கை பட்டாணி கிளினிக்கில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நளினி வந்தாள். இடப்பக்கம் காலியாக இருந்த நாற்காலியைத் தாண்டிச் சுற்றி வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காண்ணே?"

"ஆமாம்மா" என்றேன்.