ஆறாம் தட்டு

சங்கீதத்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லாத சங்கதி எதுவும் கிடையாது. பாடத் தெரியாது. ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை. சுரம் ஏழா எட்டா என்று யாராவது திடீரென்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். ஆனால் அபிப்பிராயம் சொல்ல அதெல்லாம் எதற்கு? தேவிபட்டினத்துக்கு மேற்கே ஐந்தாறு மைல் தள்ளி, கண்மாய் பெருகினால் நெல்லும் பெருகாவிட்டால் மிளகாயும் விளைகிற எங்கள் ஊரில், கிராமபோன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். பெட்டி எங்களுடையது, ஆகவே ஞானமும் எங்களுடையது என்று இருபது வயதில் நான் நம்பினேன். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஊரில் எல்லோருக்கும் எதிலாவது அபிப்பிராயம் வந்திருந்தது.

என் அய்யாவுக்கு நாடகம்தான் உயிர். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு முழு நாடகத்தைத் தட்டுகளாக வாங்கி வைத்திருந்தார். பத்துத் தட்டு, புத்தகம் போல அட்டை போட்ட ஆல்பம். அதைப் பற்றி என் அபிப்பிராயம் ஊரறிந்தது. ராஜா "அடி பெண்ணே" என்று கூப்பிட்டால் ராணி வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் ஓடி முடிந்துவிடும். ராணி என்னதான் அழுதாலும் தலை போகிற நேரத்தில்கூடத் தாளம் போகாது. ஆர்மோனியக்காரர் மூச்சு வாங்குவது ராஜாவின் வசனத்தைவிடத் தெளிவாகக் கேட்கும்.

கதையும் அப்படித்தான். ரெண்டாம் தட்டில் ராணியின் தோழி ராஜாவின் மோதிரத்தைக் குளத்தில் தவறவிட்டுவிடுகிறாள். பழி ராணி மேல் விழுகிறது. ஐந்தாம் தட்டில் ராணி சிறையில் கிடக்கிறாள். ஆறாம் தட்டில் தோழி அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறாள். ஏழாம் தட்டில் ராணி சிம்மாசனத்தில் இருக்கிறாள். "அந்தக் கழுதை ரெண்டாம் தட்டிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் எட்டுத் தட்டு மிச்சமாயிருக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன். அய்யா முறைப்பார். என் தாய்மாமன் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார்.

மாமன் அடுத்த ஊர். என் அம்மாவுக்கு அண்ணன். சாயங்காலமானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். அவரும் அய்யாவும் அந்த நாடகத்தை எத்தனை நூறு முறை கேட்டிருப்பார்களோ, ஒவ்வொரு முறையும் ராணி சிறைக்குப் போகும்போது ரெண்டு பேரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். வியர்வை என்பார்கள்.

ஒரு பங்குனியில் மாமன் அந்த ஆல்பத்தையும் பெட்டியையும் தன் வீட்டுக்கு வந்த விருந்தாட்களுக்காக இரவல் வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து, உச்சி வெயிலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அய்யா அன்று ராமநாதபுரம் போயிருந்தார். நான் மிளகாய்க் களத்தில் காவல். சும்மா இருக்க முடிகிறதா? பெட்டியையும் ஆல்பத்தையும் களத்து வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போனேன். ஆறாம் தட்டு கரகரவென்று இரைந்தது. தோழியின் குரலில் மண் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. தட்டில் அழுக்கு ஏறிவிட்டது என்று என் ஞானம் சொன்னது. சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பெண்டுகளின் தலைமுடிக்கு ஒத்துவருவது இதற்கு ஒத்துவராதா? கழுவியது காயவேண்டுமே. காய்கிற மிளகாய்க்கு நடுவில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வைத்துவிட்டுக் கண்ணசந்தேன்.

எழுந்து பார்த்தபோது தட்டு வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது. தட்டு அரக்கில் செய்தது, வெயிலில் இளகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மிக் குழவியை மேலே வைத்து நிமிர்த்திப் பார்த்தேன். அது இன்னொரு பக்கம் சுருண்டது. துடைத்து ஆல்பத்துக்குள் செருகிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அய்யா ஆல்பத்தைத் திறந்தார். உச்சி வெயிலில் மாமன் சைக்கிளில் வந்ததை ஊரே பார்த்திருந்தது. மாமன் வந்ததும் அய்யா கேட்டார். மாமன், நான் கொடுக்கும்போது நேராகத்தான் இருந்தது என்றார். அப்படியானால் அது தானாக வளைந்துகொண்டதா என்றார் அய்யா. என் வாய் பொய் சொல்லாது மாப்ள என்றார் மாமன். பேச்சு தட்டிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து வம்சத்துக்கும் போனது. மாமன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உலகத்துச் சங்கீதத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் வாய் அன்று பூட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வர நாலு வருஷம் ஆனது. நடுவில் மாமன் பெண்டாட்டி, என் அத்தை, நோயில் கிடந்து இறந்துபோனாள். கிடந்த நாளில் அய்யா எட்டிப் பார்க்கவில்லை. கேதத்துக்குப் போனவரும் தெருமுனையில் நின்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்தும் நான் சொல்லவில்லை. என்னை என்ன ஜென்மத்தில் சேர்ப்பது?

பிறகு என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமன் சீர் இல்லாமல், மாமன் மாலை இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. மாமன் தப்பை ஒத்துக்கொண்டால் அழைக்கிறேன் என்றார் அய்யா. செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அங்கிருந்து பதில் வந்தது. அம்மா அடுப்படியில் அழுதாள். எனக்கு ஒரே வழி தோன்றியது. உண்மையைச் சொல்வது அல்ல, அதைத் தவிர மற்ற எல்லாம் செய்வது. இன்னொரு ஆறாம் தட்டைத் தேடிப் புறப்பட்டேன்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டில் தட்டுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் கச்சேரி வித்துவான்கள். மேடையில் தொண்டையைச் செருமவே கால் மணி எடுத்துக்கொள்கிறவர்கள் தட்டில் ஒரு ராகத்தை மூன்றரை நிமிஷத்தில் பாடி முடித்து ஓடுகிறார்கள். பாம்பன் ரயிலைப் பிடிக்கிற ஓட்டம். மூன்றரை நிமிஷத்தில் முடிகிற சமாசாரத்துக்கு மற்ற நாளில் நம்மை ஏன் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். நாடகத் தட்டா, அந்தக் கண்றாவியெல்லாம் இங்கே கிடையாது என்று அவர் கதவைச் சாத்திவிட்டார்.

கீழக்கரையில் கொழும்பு வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர் வீட்டில் பெரிய ரேடியோகிராம் இருந்தது. தேயிலைத் தண்ணி கொடுத்து, வடக்கத்திப் பாஷையில் கையைத் தட்டிக்கொண்டு பத்துப் பேர் பாடுகிற தட்டு ஒன்றைப் போட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால் குறை சொல்லவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவரிடம் நாடகத் தட்டு இல்லை. "தேடுங்க தம்பி, இன்ஷா அல்லாஹ் கெடைக்கும்" என்று வாசல் வரை வந்து அனுப்பினார்.

மண்டபத்தில் ஒரு பங்களா காவல்காரரிடம், துரை விட்டுப்போன இங்கிலீஷ் தட்டுகள் இருந்தன. துரை தொப்பியை மாட்டிக்கொண்டு போட்டுக் காட்டினார். ஜலதோஷம் பிடித்த சங்கு மாதிரி ஒரு ஊதல். அதில் யாரும் சாவதில்லை, யாரும் அழுவதில்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சந்தோஷம். இப்படிச் சந்தோஷப்பட்டதால்தான் நாட்டைக் கோட்டைவிட்டார்கள் என்றேன். காவல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷர். தங்கச்சிமடத்தில் ஒரு சம்மாட்டி, ஏழெட்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், அவர் வீட்டில் ஒரு பொம்பளை அழுகிற தட்டு ஒன்று உண்டு, போய்ப் பார் என்றார்.

ரயிலேறிப் பாலம் தாண்டிப் போனேன். சம்மாட்டி வீட்டில் மாதா படத்துக்குக் கீழே கோயில் பாட்டுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே நாலு தட்டு ஸ்தோத்திரம், அடியில் எல்லாம் சினிமா. அதுவும் ஒரு மரியாதைதான். அதற்கெல்லாம் நடுவில் இருந்தது ஆறாம் தட்டு. அவர் தம்பி கொழும்பில் செட்டு கலைந்த உதிரித் தட்டுகளை வாங்கியபோது வந்ததாம். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. தவக்காலம் நாற்பது நாளும் அதைத்தான் போடுவார்களாம்.

"எங்க வீட்டுல இத பாவசங்கீர்த்தனத் தட்டுண்டுதான் சொல்லுறது," என்றார் சம்மாட்டியின் மனைவி. செய்த பாவத்தைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்வதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. "ஒரு மோதிரத்தத் தொலைச்சதுக்கு அந்தப் புள்ள ஏன் இப்புடி அழுவுதுண்டுதான் இன்னும் தெரியல."

முழுக் கதையையும் சொன்னால் தட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார் சம்மாட்டி. சொல்ல ஆரம்பித்தேன். சொன்னால் போதவில்லை, பாடிக் காட்டச் சொன்னார்கள். நான் நாலு வருஷமாக, அதற்கு முன்பும், கேவலம் என்று காறித் துப்பிய நாடகம் ஒரு வரி விடாமல் எனக்குப் பாடமாக இருந்தது. ராஜாவாகவும் பாடினேன், ராணியாகவும் பாடினேன், ஆர்மோனியத்துக்கு மூச்சும் வாங்கினேன். ராணி சிறைக்குப் போனபோது வீடே மூக்கைச் சிந்தியது. என் கண்ணிலும் வியர்வை.

"அந்தத் தோழி ஏன் இம்புட்டு நாளு வாயத் தொறக்கல?" என்று அந்தம்மா கேட்டார்.

"பயந்தான்" என்றேன். வேறு அபிப்பிராயம் தோன்றவில்லை.

தட்டைக் கம்பளியில் சுற்றி, வெயில் சாய்ந்த பிறகு, பிள்ளைத்தாச்சியை அழைத்து வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அய்யாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அம்மா அன்றே மாமனுக்கு ஆள் அனுப்பினாள். தட்டு விவகாரம் தீர்ந்துவிட்டது என்று ஆள் சொல்லியிருக்கிறான். உண்மை வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு மாமன் மறுநாள் காலையில் எங்கள் வாசல் ஏறினார். இளைத்துப் போயிருந்தார். தங்கை ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அய்யா பெருந்தன்மையின் உச்சியில் இருந்தார்.

"தட்டும் வந்திருச்சு மச்சான். போனது போகட்டும். நீங்க செஞ்சத நான் மனசுல வச்சுக்கிடல."

மாமன் சொம்பைக் கீழே வைத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது.

"செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிக்கிட்டுத்தான் என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் வரணுமா, மாப்ள? வேணாம். நான் வாரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் படி இறங்கினார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை கீழே இருந்த சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூன்று ஊர் அலைந்து, ரயிலேறிக் கடல் தாண்டி, ராணி வேஷமெல்லாம் கட்டி, எந்த இடத்தில் தொடங்கினேனோ அதே இடத்தில் வந்து நின்றேன்.

"நான்தான் வெயில்ல காயப்போட்டேன்" என்றேன். "மாமா கொண்டாந்தப்ப நேராத்தான் இருந்துச்சு."

சீயக்காயையும் சொன்னேன். அம்மிக் குழவியையும் சொன்னேன். அய்யா அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இறங்கிப் போய் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமன்தான் அவரை மெதுவாக உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அய்யா பெட்டியைக் காட்டினார். நான் சாவி கொடுத்தேன். புது ஊசி மாட்டி, முதல் தட்டிலிருந்து போட்டேன். ரெண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆறாம் தட்டில் தோழி அழுது, உண்மையைச் சொல்லி முடித்தாள். ஊசியைத் தூக்கினேன்.

"ஏலே மருமகனே," என்றார் மாமன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ரெண்டாந்தட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ண்டு நீதான சொல்லுவ. உங்க அத்தை சாகுறவரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தா, உங்க அய்யா வந்தாராண்டு."

கல்யாணத்துக்கு மாமன் சீர் வந்தது. மாலையும் வந்தது. பந்தலில் எந்தத் தட்டைப் போடலாம் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எது இருக்கிறதோ அதைப் போடுங்கள் என்றேன்.