அதே வரிசையில் ஐந்து கேள்விகள்

அந்த வருடம் என் நோட்டில் மூன்று பட்டியல்கள் இருந்தன. முதலாவது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவ முகாமுக்கு எடுத்துப்போக வேண்டிய காகிதங்கள். இரண்டாவது, மகள் புதிதாகச் சொன்ன சொற்கள், சொன்ன தேதியோடு. மூன்றாவது, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது. மூன்றாவதுதான் நீண்டுகொண்டே போனது. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்து அதை அடித்தால், அந்தப் பதிலிலிருந்தே இரண்டு புதிய கேள்விகள் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு முந்தைய வருடம் பெரம்பலூரில் ஒரு குழந்தை மருத்துவர் அவளை வெகுநேரம் விளையாடவிட்டுப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று சீட்டில் எழுதித் தந்திருந்தார். “இதுக்கு மருந்து கெடையாதும்மா. பயிற்சிதான். ஸ்கூல்ல சேக்கும்போது சிறப்பாசிரியர் வேணும்னு கேளுங்க” என்றார். டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாமல் பஸ் ஏறியது எனக்கு அதுதான் முதல் தடவை. ஏதோ ஒன்றை வாங்காமல் வந்துவிட்டது போலவே வீடு வரைக்கும் இருந்தது.

வீடு கீழப்பழுவூரில். கணவர் சிங்கப்பூரில் எலக்ட்ரீசியன். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஷிப்டில் இருக்கும்போது மகளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டில் இருக்கும் கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். டாக்டர் சீட்டை அண்ணி வாங்கி, திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

“எந்தம்பியும் இப்புடித்தான். அஞ்சு வயசு வரைக்கும் ஊமையன் கணக்கா இருந்தான். இன்னிக்கு போன எடுத்தா வைக்கிறானா? ஒரு சீட்டு எழுதிட்டா ஆயிடுச்சா?”

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புகளுக்கும் தலைமை ஆசிரியை ஒருவரே பாடம் எடுத்தார். பள்ளிக்கு முன்னால் ரோடு. நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. மகளுக்கு லாரி என்றால் உயிர். சேர்த்த இரண்டாம் வாரத்துக்குள் நான்கு முறை கேட்டைத் தாண்டி ஓடிவிட்டாள்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சிறப்பாசிரியர் வாரத்துல ரெண்டு நாள் வந்தாங்கன்னா இவள எப்புடி வச்சிக்கிறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுப்பாங்க. ஆனா முகாம்ல டாக்டர் பரிந்துரை எழுதணும். அப்பதான் பட்டியல்ல பேரு ஏறும். அது இல்லாம நான் ஒருத்தி என்னம்மா பண்ணுவேன்? நாப்பது புள்ளைய வச்சிக்கிட்டு கேட்டுக்கும் கரும்பலகைக்கும் ஓடுறேன். ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா? அதுக்கு வூட்லயே வச்சிக்கங்கன்னு சொல்லிடலாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

முகாம் எப்போது, எங்கே, யாரைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் போனது. பிரசவம் என் அம்மா வீட்டில் நடந்ததால் மகளின் ஆதாரில் பெரம்பலூர் மாவட்ட முகவரி. பள்ளிக்கூடமோ அரியலூர் மாவட்டம். ஒருவர், முகவரி இருக்கிற இடத்தில்தான் பதிய வேண்டும் என்றார். இன்னொருவர் படிக்கிற இடத்தில்தான் என்றார். இருவரும் அன்பாகவே சொன்னார்கள், இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். நான் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டேன். கடைசியில் தலைமை ஆசிரியை, இவள் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை நீட்டியதும் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முகாமுக்கு இருபது நாள் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தயாரானேன். காகிதங்களைப் போலவே மகளையும் தயார் செய்தேன். டாக்டர் என்ன கேட்பார் என்று யோசித்து ஐந்து கேள்விகள் எழுதினேன். உன் பேர் என்ன, எத்தனை வயசு, இது என்ன கலர், அம்மா எங்கே, எந்த ஊர். காலையில் தலை வாரும்போது, சாயங்காலம் சோறு ஊட்டும்போது, அதே வரிசையில் கேட்பேன். சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவேன். இருபது நாளும் கலருக்கு ஒரே சிவப்பு மூடியைத்தான் காட்டினேன். பதினெட்டாம் நாள் ஐந்தையும் தடுமாறாமல் சொன்னாள். இரண்டாவது பட்டியலில் அந்தத் தேதிக்குக் கீழே கோடு போட்டுவைத்தேன்.

முகாம் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அண்ணியும் வந்தார். பெஞ்சுகளில் வரிசையாக அம்மாக்கள். ஒரு குழந்தை தரையில் படுத்து அழுதது, ஒன்று தன் கையையே கடித்துக்கொண்டிருந்தது. என் மகள் புதுக் கவுனில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, என் மடியில் அசையாமல் இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

டாக்டரம்மா பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார். “பாப்பா, உன் பேரு என்ன?”

மகள் பேரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

“எத்தன வயசு?”

“அஞ்சு.”

மேசையில் இருந்த பந்தை எடுத்தார். சிவப்புப் பந்து. “இது என்ன கலரு?”

“செவப்பு.”

“அம்மா எங்க?”

என் மார்பில் கையை வைத்து, “இந்தா” என்றாள்.

“அடடே. எந்த ஊரு பாப்பா நீ?”

“கீழப்பழுவூர்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நல்லா பேசுதே!”

அண்ணி எனக்கு முன்னால் முந்திக்கொண்டார். “அதத்தாங்க நானும் சொல்றேன். இவ கேக்க மாட்டேங்குறா.”

பெரம்பலூர்ச் சீட்டைக் காட்டினேன். டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். “இது போன வருசத்து சீட்டும்மா. இப்ப நல்ல முன்னேற்றம் இருக்கு. இதுக்கு பரிந்துரை தேவப்படாது. ஒழுங்கா ஸ்கூலுக்கு அனுப்புங்க.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஆனால் அதுவரை என் மகளைப் பார்த்து வெளியாள் ஒருவர்கூட நல்லா பேசுதே என்று சொன்னதில்லை. நான் “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அண்ணி பஸ் ஸ்டாண்டில் கால்கிலோ அல்வா வாங்கினார். நானும் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துச் சோதனைக்கூடத்துக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறார். நான் போனபோது மகள் வகுப்பில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் ஒன்னுமில்லன்னாங்கன்னு சொன்னீங்களேம்மா” என்றார். பிறகு, “அடுத்த முகாம் வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னால ஆவாது.”

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பெல்ட்டில் ஓடும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, அள்ள வசதியான இடத்தில், பார்க்க நன்றாக இருக்கும் கல்லை அள்ளக் கூடாது. ஓடுகிறபடியே, குறுக்காக, பொடியும் கட்டியும் எது வந்தாலும் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதை நான்தான் சொல்லித் தருவேன். அன்று மதியம் ஆலைக்குத் திரும்பி மாதிரித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், முகாமுக்கு நான் எடுத்துப்போனது என்ன மாதிரி என்று புரிந்தது. புரிந்ததால் தெளிவு ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்து பதில்களும் பொய் இல்லையே. அவள் சொன்னவைதானே. பொறுக்கி எடுத்த கல்லும் அதே மலையின் கல்தான்.

அடுத்த முகாமிலும் அதே டாக்டரம்மா. அண்ணி இந்த முறையும் வந்தார். நான் உட்காரும்முன்பே சொன்னேன்.

“மேடம், போன தடவ கேட்ட மாதிரி கேக்காதீங்க. நான் சொல்லிக் குடுத்த வரிசையிலதான் பதில் சொல்லும். ஊர மொதல்ல கேளுங்க.”

டாக்டரம்மா மகள் பக்கம் குனிந்து, “எந்த ஊரு பாப்பா?” என்றார்.

மகள் தன் பேரைச் சொன்னாள். என்னைப் பார்த்தாள்.

நீலப் பேனாவைக் காட்டினார். “இது என்ன கலரு?”

“அஞ்சு.” மறுபடி என்னைப் பார்த்தாள்.

“உன் பேரு என்ன?”

“செவப்பு.”

தலையாட்டவில்லை நான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தவள் போல, பேரிலிருந்து ஆரம்பித்து ஐந்தையும் சத்தமாக, யாரும் கேட்காமலே, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தாள். அப்போதும் தலையாட்டவில்லை.

அண்ணி என் தொடையில் கிள்ளினார். “ஏன்டி, புத்தி கெட்டுப்போச்சா? சபையில வச்சி சொந்தப் புள்ளைய நீயே தப்பு சொல்ல வைக்கிறியே!”

டாக்டரம்மா எழுத ஆரம்பித்திருந்தார். தலை நிமிராமல் கேட்டார். “ஏம்மா, இத மொத தடவையே சொல்லியிருக்கலாம்ல?”

“மறந்துட்டேன் மேடம்” என்றேன்.

எதையும் எழுதிவைத்து மறக்காதவள் என்று ஆலையில் எனக்குப் பெயர்.

திரும்பும்போது அண்ணி அல்வா வாங்கவில்லை. பரிந்துரைச் சீட்டு என் பையில் இருந்தது. வந்த காரியம் முடிந்துவிட்டது. அதற்குச் சந்தோஷப்படுவதா, அவள் முகம் பார்த்தபோது கல்லாக உட்கார்ந்திருந்ததற்கு அழுவதா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவும் செய்யாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

சிறப்பாசிரியர் முதல் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவர். ஸ்கூட்டியில் பெரிய பை. நான் லீவு போட்டு என் நோட்டோடு காத்திருந்தேன். அவர் மகளோடு பேசவே இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற பக்கம் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைமை ஆசிரியையிடம் சொன்னார்.

“டீச்சர், இவ எடத்த அந்த ஜன்னல் கிட்ட மாத்திடலாமா? ஓடிப்போயி பாக்குறத உக்காந்து பாக்கட்டும். கேட்டுக்கு ஒரு கொக்கி மேல வச்சி போடச் சொல்லுங்க.”

“இவ்ளோதானா?” என்றார் தலைமை ஆசிரியை. “இத நானே செஞ்சிருப்பேனேங்க.”

“இது ஆரம்பந்தாங்க டீச்சர். வெள்ளிக்கிழம வரேன், இன்னும் இருக்கு.”

அன்று மாலை வரை மகள் ஜன்னலை விட்டு எழவில்லை. தலைமை ஆசிரியை என்னிடம் வந்து, “நாளைக்கும் அனுப்புங்க” என்றார். எத்தனை மாதமாக நான் வாங்க அலைந்தது அந்த இரண்டு வார்த்தைகள்தான். இவ்வளவு காகிதமும், இரண்டு முகாமும், ஒரு கொக்கிக்கும் ஜன்னலுக்குமா என்று ஒரு பக்கம் தோன்றியது. அவர் வராவிட்டால் அந்த ஜன்னல் எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்காது என்றும் தோன்றியது.

கிளம்பும்முன் சிறப்பாசிரியர் என் நோட்டைப் புரட்டினார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்னு சொல்லட்டுமா? கொஞ்ச நாளைக்கு இவகிட்ட கேள்வி கேக்காதீங்க.”

“அப்ப என்ன பேசுறதுங்க?”

“பாக்குறத சொல்லுங்க. பதில் எதிர்பாக்காதீங்க. சும்மா சொல்லுங்க.”

மறுநாளும் அவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூட்டிக்கொண்டு அரியலூருக்கு ஒரு வேலையாகப் பஸ் ஏறினோம். அவளை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் கேள்வி. பசிக்குதா, தூக்கம் வருதா, அது என்ன, இது என்ன. ஒவ்வொன்றையும் விழுங்கினேன். மகளோடு கேள்வி கேட்காமல் நான் பேசியதே இல்லை போலிருந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. “லாரி போவுது” என்றேன்.

மகள் திரும்பவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள்தான் பதில் சொன்னார். “ஆமாங்க. ஒன்னு மேல ஒன்னா போவுதுவோ. ரோடு என்னத்துக்கு ஆவும்?”

தலையாட்டினேன். இன்னொரு லாரி வந்தது.

“இன்னொரு லாரி போவுது” என்றேன்.