நாற்காலியில் அமர்ந்த சப்வூஃபர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், அம்மா, பூ கொடுக்க வந்த எதிர்வீட்டு அத்தை. இல்லாதவர் அப்பா. வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் என் சப்வூஃபருக்கு ஓர் இடம் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி. பாட்டின் அடி ஓசையை மட்டும் தனியாக எடுத்து முழங்கும். என் அறையோ பத்துக்கு எட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தறி. அதில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு அதிர்ந்தால் பட்டிழை அறும். கிளம்பும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "பாவுல ஒரு இழை அறுந்துச்சு, பொட்டி கடைக்கே போயிடும்."

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன். படித்த முறை இதுதான்: நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட வேண்டும். பிறகு அறையைச் சுற்றித் தவழ வேண்டும். எங்கே ஓசை நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும்.

என் அறையில் உட்கார இருந்தது அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான். அதில் பெட்டியை ஏற்றினேன். அம்மாவைத் தறிப்பக்கம் அனுப்பி, பாவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாட்டைப் போட்டுவிட்டுத் தவழ்ந்தேன்.

அத்தை கதவோரம் நின்றுவிட்டார்.

"அக்கா, உம் புள்ள பொட்டிய சுத்திக்கினு இருக்கான். இன்னா வேண்டுதல்?"

"கோயிலுக்குக் கூப்ட்டா மட்டும் வரமாட்டான்," என்றார் அம்மா சுவருக்கு அப்பாலிருந்து.

"அங்கப்பிரதட்சணம்னா உருளணும்பா. தவழ்ந்தா கணக்குல வராது."

"அத்தை, இது சயின்ஸ்."

"இருக்கட்டும்பா. மூணு சுத்தா முடிச்சிடு."

தறிச்சுவர் மூலைக்குப் போனதும் ஓசை நெஞ்சுக்குள் இறங்கியது. "பாவு ஆடுதாம்மா?" என்று கத்தினேன். "அசையல" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று பெட்டியைத் தூக்கி அந்த மூலையில் வைத்து, நாற்காலியில் சாய்ந்தேன். பல்லவி முடியவில்லை.

"நிறுத்துடா! பாவு துடிக்குது!"

எதிர்மூலையில் வைத்தேன். பாவு அடங்கியது, பாட்டும் அடங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் வைத்தால் கட்டில்தான் பாடியது. வெறுத்துப்போய்ப் பெட்டியைப் பழையபடி நாற்காலியிலேயே போட்டுவிட்டு, தறிச்சுவர் மூலையில் தரையில் உட்கார்ந்தேன். பாட்டை நிறுத்தவில்லை. ஓசை நெஞ்சுக்குள் இறங்கியது.

"அம்மா, பாவு?"

"அசையலப்பா."

அப்பா வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படிக்க வெச்சதுக்கு, அது நாற்காலியில, நீ தரையில."

நேரே தறிக்குப் போனார். ஒரு பாட்டு முழுக்கப் பாவின்மேல் கையை வைத்திருந்தார். திரும்பி வந்தார்.

"சரி, இருந்துட்டுப் போவட்டும். நான் எதுல உக்கார்றது?"

பெட்டி எட்டாயிரத்து ஐந்நூறு. அப்பாவுக்குப் புது நாற்காலி எழுநூற்று ஐம்பது. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.