பித்தளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அவையில் நடக்கும் அடிதடி எதையும் எழுதக் கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான் கீழவையின் சுருக்கெழுத்தாளர். சபாநாயகர் நாற்காலிக்குக் கீழே இருக்கும் மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உறுப்பினர் பேசினால் எழுத வேண்டும். ஒருவர் மண்டையை இன்னொருவர் உடைத்தால், அடைப்புக்குறிக்குள் 'அமளி' என்று போட வேண்டும். இரண்டு மண்டை உடைந்தாலும் அதே ஒரு சொல்தான். ஆகவே பெட்டிக்கார அண்ணனைப் பற்றி அரசாங்கப் பதிவேட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. முப்பது வருடம் அவர் அந்த அடைப்புக்குறிக்குள்தான் கிடந்தார்.

அவர் அவைக் காவலர். அதற்கு முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே ஒரு மேஸ்திரியின் தாடையைப் பெயர்த்ததில் வேலை போனது. அந்த உடம்பைப் பார்த்துத்தான் இங்கே சேர்த்துக்கொண்டார்கள், சேர்த்த கையோடு விதியையும் படித்துக் காட்டினார்கள். மாடத்தில் கோஷம் போடும் பார்வையாளரை யாரையும் கேட்காமல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம். உறுப்பினர் மேல் மட்டும், சபாநாயகர் உத்தரவில்லாமல் விரல் படக் கூடாது. பட்டால் உரிமை மீறல், வேலை போகும், சிறையும் உண்டு. உறுப்பினர் காவலரை அடிக்கலாமா என்று விதியில் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அடித்தார்கள்.

தன் உடம்பில் இருந்த தழும்புகளுக்கெல்லாம் அவர் மசோதாவின் பெயரைச் சொல்லுவார். முன்பல் போனது பட்ஜெட். நெற்றித் தையல் நிலச் சட்டம். இடது காது மந்தமானது கல்வி மசோதாவின் இரண்டாம் வாசிப்பில். முதல் வாசிப்பில் மசோதாவை மேசையில் வைப்பதோடு சரி, யாருக்கும் கோபம் வராது. மூன்றாவதில் வாக்கெடுப்பு மட்டும்தான். நடுவில், ஒவ்வொரு பிரிவாக எடுத்துச் சண்டை போடுகிற இரண்டாம் வாசிப்புதான் ஆளைக் கொல்லும் என்பார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பெட்டிக்காரர் என்ற பெயர் வந்தது அவருடைய இன்னொரு வேலையால். கீழவை நிறைவேற்றிய மசோதா மேலவைக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே சொற்களில் நிறைவேறினால்தான் சட்டம். அவர்கள் ஒரு வரியை மாற்றினாலும் திரும்ப இங்கே வரும். இப்படி வருவதும் போவதும் தபாலில் அல்ல. சபாநாயகர் கையெழுத்திட்ட பிரதியைத் தகரப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, காவலர் ஒருவர் கையில் ஏந்தி நடந்துபோய், மேலவை கூடியிருக்கும்போதே அவர்கள் மேசையில் வைக்க வேண்டும். ஓடக் கூடாது. பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. வேறு யார் கையிலும் தரக் கூடாது. நேரத்தைக் குறிக்க ஒரு சுருக்கெழுத்தாளர் இரண்டடி பின்னால் போக வேண்டும். பெரும்பாலும் அது நான்தான்.

இரண்டு அவைக்கும் நடுவே உள்ள நடைகூடம் நூற்றுப் பதினாறு தப்படி. ஐம்பத்தெட்டாவது தப்படியில் தரையில் ஒரு பித்தளைக் கோடு பதித்திருக்கிறது. இந்தப் பக்கம் கீழவையின் எல்லை, அந்தப் பக்கம் மேலவையின் எல்லை. ஓர் அவையின் உறுப்பினர் கோட்டைத் தாண்டிவிட்டால், அடுத்த அவைக்கு அவர் வெறும் பார்வையாளர். காவலர்களுக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். உறுப்பினர்களுக்கு யார் போய்ச் சொல்லுவது?

எங்கள் பக்கம் மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள், அதனால் நாற்காலி பறக்கும். மேலவையில் மாகாணங்கள் அனுப்பியவர்கள் பாதி, நியமனம் பெற்றவர்கள் பாதி. கண்ணியமானவர்கள், புத்தகத்தைத்தான் எறிவார்கள்.

அண்ணனுக்கு ஒரே மகன். எலக்ட்ரீஷியன். அப்பாவைப் போலவே ஆகிருதி, குணம் மட்டும் பசு. இருபத்து நாலு வயதில் ஏதோ திருட்டுக்குச் சந்தேகம் என்று போலீஸ் கூட்டிப்போனது. மூன்றாம் நாள் பிணமாகத் தந்தார்கள். இடது கையில் நகங்கள் இல்லை. விலா எலும்பு ஒன்றுகூட முழுசாக இல்லை. போலீசே விசாரித்து, படியில் விழுந்து இறந்தான் என்று எழுதியது. அந்த ஸ்டேஷனில் மாடிப்படியே கிடையாது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பெரிய அதிகாரி, ஓய்வு பெற்ற மறு வருடம் மேலவைக்கு நியமனம் பெற்றார். நாங்கள் அவரை மாஜி என்போம்.

அண்ணி மகனைப் புதைத்த அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு பெரிய உடம்ப எதுக்குய்யா வெச்சிருக்க?"

அதற்குப் பிறகு நாலு வருடம் அவரோடு பேசவில்லை. சோறு போடுவார், துணி துவைப்பார், வாய் திறக்க மாட்டார். மாஜியோ தினமும் அதே நடைகூடத்தில் அண்ணனைக் கடந்து போவார். அண்ணன் சல்யூட் வைக்க வேண்டும், வைத்தார்.

கடைசியில் காவல் மரண மசோதா வந்தது. போலீஸ் பிடியில் யார் செத்தாலும் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்றது. அதன் ஆறாம் பிரிவு, கடந்த ஐந்து வருடத்துச் சாவுகளுக்கும் இது பொருந்தும் என்றது. அண்ணனுக்கு இருந்தது அந்த ஒரு பிரிவுதான். நாங்கள் நிறைவேற்றி அனுப்பினோம். மேலவை ஆறாம் பிரிவை வெட்டித் திருப்பியது. எங்கள் விதிப்படி, கீழவை இரண்டாம் முறையும் பழைய வடிவிலேயே நிறைவேற்றி அனுப்பினால் மேலவை தடுக்க முடியாது. ஆனால் பெட்டி போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராமல் கீழவை கலைந்தால் மசோதா செத்தது.

கீழவையின் கடைசி நாளன்றுதான் அது வாக்கெடுப்புக்கு வந்தது. மறுநாள் அவை கலைகிறது. மேலவை ஐந்து மணிக்கு எழுந்துவிடும். மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது என்று சபாநாயகர் சொன்னதுதான் தாமதம், மைக்குகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தார்கள். ஒருவர் இன்னொருவரின் காதைக் கடித்துத் துப்பினார். என் மேசையில் ரத்தம் தெறித்து எழுத்தெல்லாம் ஊறியது. சபாநாயகர் மேசைக்கு அடியில் குந்திக்கொண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டார். அண்ணன் அவருக்கு மேல் குடை மாதிரிக் கவிழ்ந்து நின்று, முதுகில் நாலு அடி வாங்கிக்கொண்டார். முத்திரை குத்தியதும், அவை முடிந்தது என்று சொல்லிவிட்டு சபாநாயகர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இனி யாரிடமும் உத்தரவு கேட்க முடியாது. நான் 'அமளி' என்று எழுதி நோட்டை மூடினேன்.

நாலு இருபத்தைந்துக்கு நடைகூடத்தில் இறங்கினோம். கோட்டைத் தாண்டி எழுபதாவது தப்படியில் மேலவை உறுப்பினர்கள் ஆறு பேர் வழியை அடைத்து நின்றார்கள். நடுவில் மாஜி. கயிறு கட்டும் பித்தளைக் கம்பம் ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். மேலவைக் காவலர்கள் சுவரோரம் நின்று தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைவர் உத்தரவு தரவில்லை.

அண்ணன் வணங்கி, செய்தி கொண்டு வந்திருக்கிறேன், வழி விடுங்கள் என்றார்.

மாஜி சிரித்தார். "உன் பையன் படியில விழுந்தான். நீ இங்க விழு."

கம்பம் அண்ணனின் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவர் வயிற்றில் உதைத்தார், ஒருவர் பெட்டியை இழுத்தார். அண்ணன் இரண்டு கையாலும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டாவது அடியில் புருவம் கிழிந்தது. மூன்றாவதில் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. அவர் ஓரடி பின்வாங்கினார். அடித்தார்கள், இன்னோரடி பின்வாங்கினார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். மேலும் அடி, மேலும் பின்னடி. பதினைந்து தப்படிக்கு மேல் அப்படியே பின்னால் வந்தார். அவரை அப்போது நான் வெறுத்தேன். நாலு வருடம் காத்துக் கிடந்து, கடைசியில் வந்த வழியே திரும்புகிறாரே, இந்த மனுஷனிடம் அண்ணி பேசாமல் இருந்தது சரிதான் என்று நினைத்தேன்.

மாஜிதான் கடைசியாகக் கோட்டைத் தாண்டினார். தரையைக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தை ஓங்கியபடியே வந்தார்.

அண்ணன் நின்றார். வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"தங்கச்சி, மணி என்ன?"

நாலு முப்பத்தாறு என்றேன்.

"எழுதிக்க. பார்வையாளருங்க ஆறு பேரு கீழவை எல்லைக்குள்ள வந்து கலாட்டா பண்றாங்க. வெளியே அனுப்புறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை இடது அக்குளில் இடுக்கினார். முறிந்த தோள் அந்தப் பக்கம்தான். அந்த வலியில் முகம் வெளுத்தது, ஆனால் வலது கை மடங்கியது. முதலில் பெட்டியை இழுத்தவர் கழுத்தில் வாங்கிச் சுருண்டார். அடுத்தவர் தலை சுவரில் மோதி, சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாமவர் முழங்கால் பின்பக்கமாக மடங்கி அலறினார். மற்ற இருவர் ஓடினார்கள். மாஜி கம்பத்தை வீசினார், அண்ணன் அதைப் பிடித்துப் பிடுங்கித் தூர எறிந்தார். பிறகு ஒரே குத்து, தாடையில். துறைமுகத்தில் மேஸ்திரிக்கு விழுந்த அதே குத்தாகத்தான் இருக்கும். மாஜியின் வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு குத்துக்குக் கை ஓங்கியது. மாஜி தரையில் கிடந்தபடி கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஐந்து நகமும் இருந்தன. பிறகு அவரைத் தாண்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை. மேலவைக் காவலர்கள் இப்போது நிமிர்ந்து நின்று கதவைத் திறந்தார்கள். அவர் மூன்று முறை வணங்கினார். வணங்கும்போதெல்லாம் கம்பளத்தில் ரத்தம் சொட்டியது. பெட்டியை மேசையில் வைத்தபோது நாலு நாற்பத்து நாலு. தலைவர் அதை வெறித்துப் பார்த்துவிட்டு, செய்தி பெறப்பட்டது என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

உரிமை மீறல் விசாரணை நடந்தது. கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்தார்கள். மாஜியின் கடைவாய்ப் பல் எங்கள் பக்கம் ஏழடி தள்ளிக் கிடந்தது. பல் இருந்த இடத்தில்தானே வாயும் இருந்திருக்கும் என்று நான் சாட்சி சொன்னேன். நோட்டையும் கொடுத்தேன். நடைகூடம் அவை ஆகாது, அங்கே 'அமளி' என்று எழுதச் சொல்லி விதியும் இல்லை. அதனால் விழுந்த ஒவ்வொரு அடியையும் நேரத்தோடு எழுதியிருந்தேன். அண்ணனை விட்டுவிட்டார்கள்.

நாட்டுத் தலைவர் ஒப்புதல் தந்து மசோதா சட்டமானது. ஆறாம் பிரிவின்படி முதலில் திறந்த வழக்குகளில் ஒன்று அவர் மகனுடையது. நீதிமன்றத்துக்கு நானும் போயிருந்தேன். தாடையில் கம்பி கட்டிய மாஜி ஒரு பக்கம். அண்ணனும் அண்ணியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓராள் உட்காரும் இடம் விட்டு. அன்று ஸ்டேஷனில் பணியில் இருந்த கான்ஸ்டபிள் சாட்சி சொல்ல வந்தான். எங்கே, எதால், எத்தனை முறை என்று நீதிபதி கேட்கக் கேட்கச் சொன்னான். அண்ணன் அசையாமல் கேட்டார். பையன் எதிர்த்து அடித்தானா என்று நீதிபதி கடைசியாகக் கேட்டார்.

"இல்லங்கய்யா. அவன் உடம்புக்கு எங்க நாலு பேரையும் தூக்கிப் போட்டிருக்கலாம். ஏன்டா சும்மா நிக்கிறன்னு நானே கேட்டேன். எங்கப்பா அரசாங்க வேலையில இருக்காரு, யாரு அடிச்சாலும் கை ஓங்க மாட்டாரு, நான் ஓங்கினா அவரு வேலை போயிடும்னு சொன்னான்."

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். குத்தில் உடைந்த விரல் முட்டிகள் சரியாகக் கூடாமல் புடைத்திருந்தன. அதை ஒளித்துக்கொள்வதுபோல் சட்டைக்குள் இழுத்தார். வாய் கோணியது. அவையிலும் நடைகூடத்திலும் அத்தனை அடி வாங்கியும் அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

அண்ணி நடுவில் இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கையைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லிக் குடுத்ததத்தான்யா புள்ள செஞ்சிருக்கான்" என்றார்.

நாலு வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் அண்ணி பேசிய முதல் பேச்சு அதுதான். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அண்ணன் கேட்கவில்லை. நீதிமன்றத்துச் சுருக்கெழுத்தாளர் அதை எழுதிக்கொள்ளவும் இல்லை.