அன்பழகன் பேரில் இருந்த சிம்

ஆபீஸ் இன்டர்நெட்டைக் காவல் காக்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் சிம் கார்டு போடும் வேலையில் முதல் விதி, சிம் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும் என்பது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். நான் அதை மீறிய ஒரே இடம் அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் எங்கள் லாரி கம்பெனியின் எடைமேடை.

அங்கே இன்டர்நெட் ஒரே ஒரு ஃபைபர் கேபிளில் வந்துகொண்டிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் அந்தக் கேபிளை ஏதாவது ஒரு லாரி அடிக்கடி இழுத்துக்கொண்டு போய்விடும். நெட் இல்லையென்றால் எடைச்சீட்டு வராது. சீட்டு இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. மெயின் ரோடு வரை லாரிகள் வெயிலில் நிற்கும். அதனால்தான் சிம் ஸ்லாட் உள்ள புதிய ஃபயர்வாலோடு பெரம்பலூர் ஆபீசிலிருந்து நான் போனேன். ஃபைபர் அறுந்தால் அது தானாகவே மொபைல் இணைப்புக்கு மாறிக்கொள்ளும்.

பெட்டி வந்துவிட்டது, சிம் வரவில்லை. சென்னைத் தலைமை அலுவலகத்தில் அதற்கான அனுமதி மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது. சிம் வந்ததும் வருகிறேன் என்று பையை எடுத்தேன்.

அங்கிருந்த மேனேஜர் விடவில்லை. "சார், டிரைவருங்க என்னையத் திட்டுறது உங்க காதுல விழுவுதா? எதாச்சும் பண்ணிட்டுப் போங்க."

எடைமேடை சூப்பர்வைசர் அன்பழகன், மீன்சுருட்டி ஊர்க்காரர், ஒப்பந்த ஊழியர். அவர் தன் போனை நீட்டினார். "என்னோட ரெண்டாவது சிம்மு சும்மாதான் சார் கெடக்குது. போட்டுக்கங்க. கம்பெனி சிம்மு வந்ததும் குடுத்துருங்க."

"வூட்டுக்காரம்மா போன் வருமேய்யா?" என்றார் மேனேஜர்.

"அதுக்குப் பயந்துதான் சார் அவங்களுக்குத் தெரியாம இந்த சிம்மே வாங்குனது."

போட்டேன். சிம்மின் பூட்டு எண்ணை நீக்கினேன், மொபைல் கம்பெனியின் இணைப்பு முகவரியான ஏபிஎன்னைக் கொடுத்தேன், மொபைல் இணைப்பை இரண்டாவது வழியாக வைத்தேன். ஃபைபர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்திலிருக்கும் மோடத்தை அல்ல, வெளியூர் சர்வரை அவ்வப்போது பிங் செய்து பதில் வருகிறதா என்று பார்க்கும்படி பெட்டிக்குச் சொன்னேன். ரோட்டில் கேபிள் அறுந்தாலும் மோடம் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் எடுக்கவில்லை, ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே கட்டினோம். பிறகு ஃபைபரைக் கழற்றினேன். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு சிம்முக்கு மாறியது. சீட்டு வந்தது. அன்பழகன் கைதட்டினார்.

ரிப்போர்ட்டில் 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதினேன். அப்படி எழுதப்பட்ட எதுவும் எங்கள் கம்பெனியில் முடிந்து நான் பார்த்ததில்லை.

மறு வருடம் எடைமேடையை ஓர் ஏஜென்சியிடம் விட்டார்கள். அன்பழகனை வெளியே அனுப்பினார்கள். சாவி, அடையாள அட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். சிம் யார் நினைவிலும் இல்லை, என் நினைவிலும் இல்லை.

சில மாதம் கழித்துப் பராமரிப்புக்காக அங்கே போயிருந்தபோது ஒரு லாரி கேபிளை அறுத்துக்கொண்டு போனது. பெட்டி சிம்முக்கு மாறிக்கொண்டது, கேட்டில் ஒரு வண்டியும் காத்து நிற்கவில்லை.

"பாத்தீங்களா சார், நம்ம செட்டப்ப!" என்றார் மேனேஜர்.

எனக்கு உறைத்தது. அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்கள்? அன்பழகனுக்கு போன் போட்டேன்.

"நான்தான் சார் பண்ணிட்டு வரேன். திரும்ப வேலைக்குக் கூப்புடுறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காருல்ல. அந்த நேரத்துல சிம்மு செத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஜெயங்கொண்டத்துல ஒரு சிமெண்டு கடையில மூட்ட தூக்குறேன். இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது சார். எடமேடையில ஒரு வேலன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மேனேஜரிடம் சொன்னேன். "என் கையில என்ன சார் இருக்கு? ஹெட் ஆபீஸ்ல சரின்னா நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். வேலை போன ஒருவர், கைக்காசைப் போட்டு நம் லாரிகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறார், அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் நல்ல மெயில் அதுதான். சாதாரணத் தலைப்பில் போனால் யாரும் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் 'பாதுகாப்புக் குறைபாடு: அவசரம்' என்று தலைப்பிட்டேன்.

திறந்தார்கள். தலைப்பை ஒட்டியே படித்தார்கள். அத்தனை நாளாக நகராத கம்பெனி சிம் கூரியரில் பறந்து வந்தது. கூடவே உத்தரவும் வந்தது: வெளியாளின் சிம்மை உடனே அகற்றவும், சம்பந்தப்பட்ட நபரை இனி வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம்.

நான் பதில் எழுதினேன், போன் செய்தேன். விஷயம் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்விட்டது, பணியாளர் பிரிவு இதில் தலையிட முடியாது என்றார்கள். பிரிவுகளை அப்படிப் பிரித்து வைத்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்று கூட்டங்களில் பேசியவன் நான்.

சிம்மை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போனேன். புருவம் வரை சிமெண்டோடு அன்பழகன் வந்தார்.

"வாங்க சார்! வரச் சொல்லிட்டாங்களா?"

சிம்மை நீட்டினேன். உத்தரவில் இருந்ததைச் சொன்னேன்.

"கேட்டுக்குள்ளயே வரக்கூடாதா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான் எழுதுனதாலதான் வந்துச்சு."

உள்ளேயிருந்து முதலாளி, "யோவ் அன்பு, வண்டி நிக்கிதுல்ல!" என்று கத்தினார். அன்பழகன் சிம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லதுக்குத்தான் சார் எழுதியிருப்பீங்க. நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். சிம்மை முதல் நாளே கம்பெனி பெயரில் வாங்குங்கள். ஒரு மனிதருக்காகப் பேச வேண்டியிருந்தால் பஸ் ஏறிப் போய், பதில் சொல்லக்கூடியவரின் மேசைக்கு முன்னால் நின்று பேசுங்கள். முதலாவது எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவதைச் சேர்க்க அதில் எந்தப் பிரிவும் இல்லை. பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு பஸ் எந்நேரமும் இருந்தது.